டேப் வாங்கும் முன் ஓர் அட்டையை வெட்டுங்கள்

(களக்காட்டில் நம் அறக்கட்டளை நடத்திய கல்வி, கைத்தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)





மஃக்ரிப் பாங்குக்கு முன் முடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம். டேப் வாங்கினால் எத்தனை இன்ச் வாங்குவது? இதுதான் இன்றைய பேச்சு.

இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் தையல் மெஷினுக்கு அடுத்தபடியாக இப்போது டேப்தான் வருகிறது. மருதாணி போடும் பிள்ளைகள், ஆரி வேலை செய்யும் சகோதரிகள், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் பையன்கள், கல்லூரியில் படித்துக்கொண்டே படம் வரைந்து நாலு காசு பார்க்கிறவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையிலும், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தார்கள். ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

முதலில் எங்கள் தவறு

ஊருக்குப் புத்தி சொல்வதற்கு முன் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறோம்.

முதன்முதலில் டேப்புக்குக் கடன் கேட்டு மனு வந்தபோது, கமிட்டியில் உட்கார்ந்து பேசினோம். கையில் இருந்த பணம் குறைவு; கேட்டவர்கள் அதிகம். சின்ன டேப்பாக வாங்கினால் கூடுதலாக இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுக்கலாமே என்று முடிவு செய்தோம். எட்டு இன்ச் சொச்சத்தில் ஆறு டேப் மொத்தமாக வாங்கினோம். கடைக்காரர் விலையும் குறைத்துக் கொடுத்தார். கையடக்கமாக, அழகாக இருந்தது. கொடுக்கும்போது எங்களுக்கும் மனநிறைவு, வாங்கிய பிள்ளைகளுக்கும் சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து, மருதாணி போடும் பிள்ளை ஒன்று தன் உம்மாவோடு அலுவலகத்துக்கு வந்தது. தவணைப் பணத்தை மேசையில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றது. என்னம்மா என்று கேட்டோம். "மாமா, இதுல பார்க்க முடியுது, வரைய முடியலை. தவணையைக் கட்டிக்கிட்டேதான் இருக்கேன். ஆனா வேலை பழையபடி பேப்பர்லதான் நடக்குது" என்றது.

அந்த வார்த்தை எங்களுக்குச் சுருக்கென்றது. மற்ற ஐந்து பேரையும் விசாரித்தோம். இரண்டு பேர் நன்றாகப் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் வீட்டில் அது சின்னப் பிள்ளைகள் வீடியோ பார்க்கும் பெட்டியாக மாறியிருந்தது. குறை அந்தப் பிள்ளைகளிடம் இல்லை. அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எங்கே உட்கார்ந்து செய்கிறார்கள் என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலையை மட்டும் பார்த்தோம். கடனில் வட்டி இல்லைதான். ஆனாலும் பயன்படாத பொருளுக்கு மாதாமாதம் தவணை கட்டுவது ஒரு பாரம். அந்தப் பாரத்தை நாங்களே ஏற்றிவிட்டோம். அது ஜமாஅத்தின் பணம் வேறு.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விசாரித்தோம், படித்தோம், அளந்து பார்த்தோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இன்ச் கணக்கில் உள்ள ஏமாற்றம்

பெட்டியில் போட்டிருக்கும் இன்ச், திரையின் நீளமும் இல்லை, அகலமும் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்த அளவு அது. அதனால் எட்டுக்கும் பதினொன்றுக்கும் மூன்று இன்ச்தானே வித்தியாசம் என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும்.

பரப்பைப் பாருங்கள். 8.3 இன்ச் ஐபேட் மினியின் திரைப் பரப்பு சுமார் 32 சதுர இன்ச். 11 இன்ச் ஐபேடில் அது சுமார் 57. 13 இன்ச்சில் சுமார் 81. அதாவது சின்னதைவிடப் பெரியது இரண்டரை மடங்கு. வீட்டுமனை வாங்கும்போது குறுக்களவையா பார்க்கிறோம்? எத்தனை சென்ட் என்றுதானே கேட்கிறோம். இங்கேயும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, திரையின் வடிவம். ஒரே 11 இன்ச்சிலும் 16:10 என்று நீண்ட திரை உண்டு, 4:3 என்று அகன்ற திரையும் உண்டு. நீண்டதன் அகலம் 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அகன்றதன் அகலம் 17 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. படம் பார்க்க நீண்டது நல்லது. பக்கம் பக்கமாக எழுதவும் வரையவும் அகன்றது வசதி. ஆண்ட்ராய்டு டேப்களில் பெரும்பாலும் நீண்ட திரை. ஐபேடில் அகன்ற திரை.

மனதில் பதிய ஒரு சுலபமான கணக்கு சொல்கிறோம். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுசாக இருந்தால், 13 இன்ச் டேப் அதைவிடக் கொஞ்சம் சின்னது. அதைப் பாதியாக மடித்தால், ஏறக்குறைய 10, 11 இன்ச் டேப். அதையும் பாதியாக மடித்தால், அதைவிடச் சற்றுப் பெரியது 8 இன்ச் டேப். இப்போது சொல்லுங்கள், உங்கள் வேலை எந்தத் தாளில் நடக்கிறது?

பீடித் தட்டு சொல்லும் பாடம்

இந்தக் கூட்டத்தில் பீடி சுற்றிய உம்மாமார்கள் பலர் இருக்கிறீர்கள். பீடித் தட்டு என்ன அளவு இருக்கும் என்று உங்களுக்கு யாரும் இன்ச் கணக்கில் சொல்லித் தந்ததில்லை. மடியில் நிற்க வேண்டும். இலையும் தூளும் நூலும் கத்தரியும் அதில் அடங்க வேண்டும். பேசிக்கொண்டே சுற்றினாலும் சரியக் கூடாது. தட்டு சின்னதானால் தூள் சிந்தும். பெரிதானால் முழங்கை இடிக்கும், பக்கத்தில் ஆள் உட்கார முடியாது. வேலையும் உட்காரும் இடமும் சேர்ந்துதான் தட்டின் அளவைத் தீர்மானித்தன.

டேப்புக்கும் இதுதான் சட்டம். உங்கள் வேலைக்கு எவ்வளவு இடம் வேண்டும், அந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்தால் இன்ச் தானாகத் தெரிந்துவிடும். நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யும் மூன்று வேலைகளை வைத்து இதைப் பார்ப்போம்.

மருதாணி

எங்களிடம் வந்த அந்தப் பிள்ளையின் வேலை இது. கல்யாணப் பெண்ணின் கையைப் போட்டோ எடுத்து, அதன் மேலேயே டேப்பில் வரைந்து, "இப்படிப் போடவா?" என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். பெண் வீட்டார் பார்த்துச் சம்மதித்த பிறகு கோன் எடுப்பது. பிறகு வரும் மனக்கசப்பு இதனால் குறையும்.

மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை பெண்களின் கை பெரும்பாலும் 17, 18 சென்டிமீட்டர் இருக்கும். எட்டு இன்ச் டேப்பின் திரை நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கை மட்டும் முட்டி நிற்கும். தூரிகை, நிறம், அடுக்கு என்று வரையும் செயலியின் பட்டைகளும் அதே திரையில்தான் உட்கார வேண்டும். அதனால் படத்தைச் சுருக்கியாக வேண்டும். சுருக்கினால் கொடியும் பூவும் எறும்பு அளவுக்குப் போய்விடும். பெரிதாக்கி வரைந்தால் முழுக் கையும் கண்ணுக்குத் தெரியாது. விரலில் போட்டதற்கும் உள்ளங்கையில் போட்டதற்கும் பொருத்தம் போய்விடும். "பார்க்க முடியுது, வரைய முடியலை" என்று அந்தப் பிள்ளை சொன்னதன் அர்த்தம் இதுதான்.

11 இன்ச் நீண்ட திரையில் 23 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கிடைக்கிறது. கையும் மணிக்கட்டுக்கு மேல் கொஞ்சமும் உள்ள அளவிலேயே அடங்கும். 13 இன்ச்சில் இன்னும் மேலே ஏறலாம். ஆனால் பெண் வீட்டுக்கு கோன், எண்ணெய், துணி என்று பை நிறையத் தூக்கிப் போகிற பிள்ளைக்கு அது சுமை. பாயில் உட்கார்ந்து, பெண்ணின் கை ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ள 11 இன்ச் போதுமானது.

ஆரி வேலை

ஜாக்கெட்டின் முதுகுக் கழுத்தைப் பார்த்தால் ஒரு முழுத் தாளுக்கும் பெரிதாக இருக்கும். அப்படியானால் பெரிய டேப்தான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் கழுத்து டிசைன் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பது. வரையும் செயலிகள் பலவற்றில் பாதி வரைந்தால் மறு பாதியைத் தானே போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆகவே இங்கே தேவை பாதி இடம்தான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். சின்னத் திரையில் வரைந்தால் சின்னதாகத்தான் அச்சாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அச்சின் அளவைத் தீர்மானிப்பது, வரையத் தொடங்கும்போது நீங்கள் கொடுக்கும் பிக்சல் கணக்கு. ஏ4 தாளில் தெளிவாக அச்சாக வேண்டுமானால் 2480க்கு 3508 பிக்சல் என்று வைத்துத் தொடங்க வேண்டும். எட்டு இன்ச் டேப்பிலும் அப்படி வைக்கலாம், பதிமூன்று இன்ச்சிலும் வைக்கலாம். பிக்சல் கூடக் கூட டேப்பின் நினைவகம் அதிகம் தேவைப்படும். குறைந்த நினைவகத்தில் அடுக்குகள் குறையும், வேலை தடுமாறும். திரையின் அளவு கையின் வசதிக்கு. நினைவகம் படத்தின் அளவுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பாயில் பெயர் எழுதுவது

திருநெல்வேலிக்குச் சேரன்மகாதேவி வழியாகப் போகும்போது பத்தமடையைத் தாண்டுகிறோம். கோரையைப் பட்டுப்போல நெய்யும் ஊர் அது. நம் சமுதாயப் பெண்களின் கைகளால் பெயர் பெற்ற தொழில். புவிசார் குறியீடும் பெற்றது. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை நெய்து தருவது அதன் தனிச் சிறப்பு.

பாயிலோ துணியிலோ எழுத்தைக் கொண்டுவர, கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வடிவம் போட்டுக்கொள்வது உதவியான வழி. அதையே டேப்பில் செய்யலாம் என்று இளைஞர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறுக்கே நூறு கட்டம் வேண்டும் என்று வையுங்கள். 8.3 இன்ச் திரையில் ஒரு கட்டத்தின் அகலம் இரண்டு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. 11 இன்ச் நீண்ட திரையில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 13 இன்ச்சில் சுமார் இரண்டரை. பேனா முனையால் தொட்டுத் தொட்டு நிரப்புகிறவனுக்கு இந்த அரை மில்லிமீட்டர் பெரிய விஷயம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கண் சொல்லிவிடும்.

ஆனால் நெய்கிறவருக்கு டேப் தேவையில்லை. வடிவம் முடிந்ததும் அதைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். கோரையை நனைத்து வேலை செய்யும் ஈரக்கைக்குப் பக்கத்தில் விலையுள்ள கண்ணாடியை வைப்பானேன்? வரைகிறவர் ஒருவருக்கு நல்ல அளவில் ஒன்று, நெய்கிறவர்களுக்குத் தாள். இப்படிப் பிரித்தால் ஒரு வீட்டில் இரண்டு டேப் வாங்கும் செலவு மிச்சம்.

பெரிய கம்பெனிகளும் தடுமாறிய விஷயம்

அளவு விஷயத்தில் நாங்கள் மட்டும் தவறு செய்யவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். ஆப்பிள் கம்பெனி 2010இல் 9.7 இன்ச்சில் முதல் ஐபேடைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு சாம்சங் 7 இன்ச் டேப்பை விட்டபோது, ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த அளவையே கேலி செய்தார். விரலைத் தேய்த்துச் சின்னதாக்கிக்கொண்டால்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்ற பொருளில் பேசினார். 2012இல் அவருடைய கம்பெனியே 7.9 இன்ச்சில் ஐபேட் மினியை விற்றது. 2015இல் வரைபவர்களை மனதில் வைத்து 12.9 இன்ச்சும் பேனாவும் வந்தன. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது என்று அவர்களுக்கும் அனுபவம்தான் கற்றுக்கொடுத்தது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 2011 அக்டோபர் 5ஆம் தேதி, அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல், மாணவர்களுக்காக ஆகாஷ் என்ற டேப்பை வெளியிட்டார். 7 இன்ச். அரசுக்கு அடங்கிய விலை ஒன்றுக்கு 2,300 ரூபாய்க்கும் குறைவு. உலகத்திலேயே மலிவான டேப் என்று பேசப்பட்டது. ஆனால் திரை அழுத்தித் தொட்டால்தான் வேலை செய்யும் வகை. நினைவகமும் மிகக் குறைவு. விலையில் வைத்த குறி வேலையில் தவறியது. கமிட்டியில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கும் இதே கணக்குதான்.

அளவுக்கு முன்னால் பேனா

இப்போது சொல்லப்போவதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். வரைவதற்கு டேப் வாங்குகிறவர், அந்த டேப் உண்மையான பேனாவை ஏற்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அளவு அடுத்தது.

கடைகளில் ரப்பர் முனை வைத்த குச்சி நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது விரலுக்குப் பதில் ஒரு விரல், அவ்வளவுதான். உண்மையான பேனா என்றால் லேசாக அழுத்தினால் மெல்லிய கோடும், அழுத்தினால் தடித்த கோடும் வர வேண்டும். உள்ளங்கையைத் திரையில் வைத்துக்கொண்டு எழுதினாலும் கை பட்ட இடத்தில் கோடு விழக் கூடாது. அரபு எழுத்தணி பழகும் பிள்ளைகளுக்கு இது இல்லாமல் முடியாது. ஓர் அலிஃபைக்கூட ஒரே தடிமனில் இழுத்தால் அழகு வராது.

சாம்சங்கில் எஸ் வரிசையைச் சேர்ந்த டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ போன்றவற்றில் பேனா பெட்டியிலேயே வருகிறது. அதற்குத் தனியாக சார்ஜ் போடாமலே வரையலாம். அதே கம்பெனியின் ஏ9 டேப்பில் அந்தப் பேனா வேலை செய்யாது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். வரைகிறவருக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் ஆறு டேப்களிலும் பேனா வசதி இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

ஐபேடில் பேனா தனி விலை. அதிலும் விலை குறைந்த யுஎஸ்பி-சி பென்சிலில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு மாறும் வசதி கிடையாது. எழுதுகிறவருக்கு அது போதும், வரைகிறவருக்குப் போதாது. டேப்பின் விலையோடு பேனா, உறை, கண்ணாடி ஒட்டு எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகைதான் உண்மையான விலை. பணம் பற்றாவிட்டால் அளவில் ஒரு படி இறங்குங்கள், பேனாவில் இறங்காதீர்கள்.

செயலியையும் சேர்த்துப் பாருங்கள். புரோகிரியேட் ஐபேடில் மட்டும் ஓடும். ஒருமுறை பணம் கட்டினால் போதும். ஆண்ட்ராய்டில் கிரிட்டா இலவசம். ஆனால் அது பெரிய திரைக்கென்று அமைந்தது, சின்னத் திரையில் பொத்தான்கள் நெருக்கியடிக்கும். இபிஸ் பெயின்ட் போனிலும் ஓடுவதால் சின்ன டேப்பில் பழகுகிறவர்களுக்குச் சுலபம்.

தூக்கிப் போக முடிகிற எடை

எடையைச் சொல்கிறோம். ஐபேட் மினி சுமார் 300 கிராம். 11 இன்ச் டேப்கள் 450 முதல் 520 கிராம் வரை. அரைக் கிலோ சீனிப் பொட்டலம் என்று வையுங்கள். 13 இன்ச் ஐபேட் ஏர் சுமார் 620 கிராம். உறை போட்டால் எல்லாமே கூடும். விசைப்பலகை உறையும் சேர்ந்தால் பெரிய டேப் ஒரு லேப்டாப்பின் எடைக்கு வந்துவிடும். அப்புறம் தூக்கிப் போவது எளிது என்று எதற்காக டேப் வாங்கினோம்?

களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளை காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறது. பையில் புத்தகம், சாப்பாடு, தண்ணீர். அதோடு எது போகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் டேப். நெரிசலில் உடையும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் 13 இன்ச், கூட வராத நண்பன் மாதிரி. அதே சமயம், பஸ்ஸில் வரையலாம் என்று நினைத்துச் சின்னது வாங்காதீர்கள். நம் ரோட்டில் ஓடும் பஸ்ஸில் எந்த அளவு டேப்பிலும் நேர்க்கோடு வராது. போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை செய்வதற்குத்தான் அது.

வேலை முழுக்க வீட்டிலேயே, ஒரே மேசையில் என்றால் வேறு வழியும் இருக்கிறது. அரசு கொடுத்த லேப்டாப்போ பழைய கணினியோ வீட்டில் இருந்தால், அதோடு இணைக்கும் திரையில்லாத வரைபலகை ஒன்று போதும். வாகாம், ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற கம்பெனிகள் விற்கின்றன. டேப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று பழகச் சில வாரம் எடுக்கும். பழகிவிட்டால் கடனே வேண்டாம்.

அட்டைச் சோதனை

இனி நம் அறக்கட்டளையில் டேப்புக்குக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு சின்ன வேலை கொடுக்கப் போகிறோம். கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழைய அட்டைப் பெட்டி ஒன்றை எடுங்கள். மூன்று துண்டு வெட்டுங்கள். வெளிச்சட்டத்தையும் சேர்த்து, 8 இன்ச்சுக்கு 20க்கு 13 சென்டிமீட்டர். 11 இன்ச்சுக்கு 25க்கு 17. 13 இன்ச்சுக்கு 28க்கு 21. ஏறக்குறைய இருந்தால் போதும். எடை வருவதற்காக நடுவில் அரிசிப் பொட்டலம் வைத்து ஒட்டுங்கள்: 300 கிராம், 500 கிராம், 620 கிராம்.

ஒவ்வொன்றையும் இரண்டு நாள் உங்கள் பையில் போட்டுத் தூக்கிப் போங்கள். வேலை செய்யும் இடத்தில், மடியிலோ பாயிலோ மேசையிலோ வைத்து, மேலே ஒரு தாளை ஒட்டி உங்கள் வேலையைப் பேனாவால் வரையுங்கள். தாளின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டரைச் செயலியின் பட்டைக்கு என்று விட்டுவிடுங்கள். கை எங்கே முட்டுகிறது, தோள் எப்போது வலிக்கிறது, எதை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தோன்றுகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். செலவு ஒன்றும் இல்லை. அரிசியையும் திரும்பச் சட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த மருதாணிப் பிள்ளைக்கு இந்தச் சோதனையைச் செய்ய வைத்தோம். 11 இன்ச் அட்டையைத்தான் எடுத்துக்கொண்டு வந்தது. கடையில் போய்ப் பார்த்திருந்தால் பளபளப்பில் 13 இன்ச்சைத்தான் கேட்டிருப்பேன் என்று அதுவே சிரித்தது. பழைய டேப்பை நாங்கள் திரும்ப வாங்கிக்கொண்டு, கட்டிய தவணையை அப்படியே புதியதில் வரவு வைத்தோம். தவறு எங்களுடையது, நஷ்டம் அந்தப் பிள்ளையுடையதாக இருக்கக் கூடாது. சின்ன டேப் இப்போது நம் அலுவலகத்தில் வரவுசெலவுப் பதிவுக்குப் பயன்படுகிறது. அந்த வேலைக்கு அது மிகச் சரியான அளவு!

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

பெரிய போன் இருக்கிறதே, அது போதாதா என்று ஒரு சகோதரர் கேட்டார். பார்க்கவும், வீடியோ வெட்டி ஒட்டவும், ஆர்டர் பேசவும் போதும். ஆனால் போனின் அகலம் ஏழு, எட்டு சென்டிமீட்டர்தான். உள்ளங்கையை ஊன்றி வரைய இடம் இல்லை.

அப்படியானால் எட்டு இன்ச் யாருக்குத்தான் என்று ஒரு தாய் கேட்டார். குறிப்பு எழுதுகிறவர், படிக்கிறவர், போகிற இடத்தில் சட்டென்று ஒரு மாதிரி வரைந்து வைத்து வீட்டில் வந்து பெரிதாக்குகிறவர், துணிக்கடையில் நின்றுகொண்டே டிசைன் காட்டுகிறவர். எங்கள் ஆறு பேரில் நன்றாகப் பயன்படுத்திய இருவரும் இப்படிப்பட்டவர்கள்தான்.

பழைய டேப் வாங்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். வாங்கலாம். ஆனால் நேரில் பார்த்து, பேனாவால் திரையின் நான்கு மூலையிலும் குறுக்குக் கோடு போட்டுப் பாருங்கள். கோடு எங்காவது அறுந்தால் விட்டுவிடுங்கள்.

அன்புச் சொந்தங்களே, நம் பிள்ளைகளின் கையில் தொழில் இருக்கிறது. அதற்குத் துணையாக ஒரு கருவி கொடுக்கும்போது, பெருமைக்காகப் பெரிதாகவும் வேண்டாம், சிக்கனம் என்ற பெயரில் உதவாததாகவும் வேண்டாம். கடைக்குப் போகும் முன் உங்கள் பிள்ளை எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். நாங்கள் அன்று பார்க்கத் தவறியது அதைத்தான்.

நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.